‘டிமர்’: தயக்கமா, ஆட்சேபணையா, மறுபேச்சா?

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கித் தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், சிறு பாலங்களும் சாலைகளும் எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். தாம் வேலையில் தவறினால் பணம் தருவதாகத் தம் வங்கி ஓர் அரசுத் துறைக்குக் கொடுக்கவிருந்த உத்தரவாதப் பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்து, “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல ஒரு தடவை படிச்சுப் பார்த்துக்கிறேன் சார்” என்றார். அதில் வங்கி பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தின் நடுவே ‘விதவுட் எனி டிமர்’ (without any demur) என்ற தொடர் இருந்தது. நான் அதை ‘எவ்விதத் தயக்கமுமின்றி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வரிக்கு வரி விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் விரலை நிறுத்தினார். “தயக்கமில்லாமன்னா, பேங்க்காரங்க இழுத்தடிக்காம சீக்கிரமா கொடுத்துடுவாங்கன்னு அர்த்தம், இல்லீங்களா?” என்று கேட்டார்.

நான் எழுதிய தமிழுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் ஆங்கில மூலம் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. துறையிலிருந்து பணம் கேட்டுக் கடிதம் வந்தால், அந்தக் கோரிக்கை நியாயமானதா, வேலை உண்மையிலேயே குறையாக நின்றதா, குறைக்கு யார் பொறுப்பு என்று வங்கி ஒரு கேள்வியும் எழுப்பாமல் கொடுத்துவிடும் என்றே அது சொன்னது. அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக அவர் வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகை முழுவதும் அவருடைய விரல் நின்ற அந்தச் சொல்லைப் பொறுத்திருந்தது. அவர் கேட்காமல் போயிருந்தால் என் தவறு எனக்கே தெரிந்திருக்காது என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

ஆகவே இந்தச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் மூன்று சொற்கள் போட்டியில் நிற்கின்றன: தயக்கம், ஆட்சேபணை, மறுபேச்சு. மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருள் இடறும். உத்தரவாதப் பத்திரத்துக்கு ‘மறுபேச்சு’ என்பதே என் தேர்வு. நீதிமன்ற வாதத்துக்கு ‘ஆட்சேபணை’ பொருந்தும். கதையிலும் செய்தியிலும் இடம்பார்த்து எழுத வேண்டியிருக்கும். ‘தயக்கம்’ என்ற சொல்லை நான் இப்போதெல்லாம் தனியாக நிற்க விடுவதில்லை.

தயக்கம் என்ற பொருள் அகராதிகளுக்குள் வந்தது தவறுதலாக அல்ல. சொல்லின் பிறப்பே தாமதத்தில்தான் இருக்கிறது. லத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். 2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு அளித்த ‘மொராட்டோரியம்’ வழியாக நம் வீடுகளுக்குள் எல்லாம் வந்துசேர்ந்த சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். அந்த வேரிலிருந்து, தங்கு, நின்றுவிடு என்ற பொருளில் பழைய பிரெஞ்சுக்கு ஒரு வினை வந்தது. இன்றைய பிரெஞ்சிலும் அதன் வழித்தோன்றலுக்கு ‘குடியிரு’ என்பதே பொருள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் அது ‘போகாமல் தங்கு’, ‘தாமதி’ என்றுதான் வழங்கியது. தாமதிப்பவர் மனத்தில் ஏதோ ஐயம் இருக்கிறது என்று கொள்வது இயல்பு. அப்படித்தான் தாமதம் தயக்கமாயிற்று.

அந்தப் பழைய பொருள் மாறாமல் இன்றும் புழக்கத்தில் இருக்கும் இடம் ஒன்று உண்டு. துறைமுகத்திலோ ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலோ வேலை பார்த்தவர்கள் ‘டெமரேஜ்’ என்ற சொல்லைத் தினமும் கேட்டிருப்பார்கள். வேகனிலிருந்து சரக்கை இறக்கக் கொடுத்த இலவச நேரம் கடந்தும் வேகனைப் பிடித்து வைத்திருந்தால் விழும் கட்டணம் அது. ரயில்வே சட்டம் 1989-இலும் அதற்கு அப்படித்தான் வரையறை. இறக்கிய சரக்கை எடுத்துப் போகாமல் ரயில்வேயின் இடத்திலேயே போட்டு வைத்தால் விழுவது ‘வார்ஃபேஜ்’ என்ற வேறு கட்டணம். இரண்டையும் ‘தாமதக் கட்டணம்’ என்று ஒரே பெயரில் தமிழாக்கிவிட்டால் சரக்குக்காரருக்கு எந்தக் கணக்கு என்று புரியாது. இந்த ஒரு சொல்லை மட்டும் ஷெட்டில் சுமை தூக்குபவர் முதல் கமிஷன் ஏஜெண்ட் வரை எல்லோரும் சொல்வதுபோல ‘டெமரேஜ்’ என்றே விட்டுவிடுவது நல்லது என்பேன். இங்கே யாரும் தயங்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நிற்பது எப்படி மறுப்பாயிற்று என்பதற்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் வழக்குரைஞர்கள் பிரெஞ்சு கலந்த ஒரு தொழில்மொழியில் வாதாடினார்கள். எதிரி தன் தரப்பு நிகழ்ச்சிகளைச் சொல்லி முடித்ததும், ‘நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சட்டப்படி உங்களுக்கு வழக்கே இல்லை, நான் இந்த இடத்திலேயே நிற்கிறேன், நீதிபதி முடிவு சொல்லட்டும்’ என்று ஒரு தரப்பு சொல்லலாம். அதாவது மேற்கொண்டு பதில் பேசாமல் சட்டப் புள்ளியிலேயே தங்கிவிடுவது. அந்தத் தங்கலுக்குத்தான் ‘டிமரர்’ என்று பெயர். வெறுமனே நின்றவருடைய நிலை, எதிராளியின் வழக்கை அடியோடு மறுக்கும் ஆட்சேபணையாக மாறியது இப்படித்தான். இங்கிலாந்தில் உரிமையியல் வழக்குகளில் இந்த நடைமுறை 1883-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளோடு ஒழிந்தது. கலிஃபோர்னியா மாநில நீதிமன்றங்களில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. நம் நாட்டில் அந்தப் பெயரில் மனு எதுவும் இல்லாவிட்டாலும், 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11-இன்படி, பிராதில், அதாவது வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் மனுவில், சொல்லியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தாலே வழக்கு நிற்காது என்று கோரும் மனு ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆகவே சட்ட நூலில் ‘டிமரர்’ வந்தால் அங்கே ‘தயக்கம்’ என்று எழுதுவது முழுப் பிழை. ‘சட்டவழி ஆட்சேபணை’ என்று எழுதலாம். உண்மைகளை மறுக்காமல் சட்டத்தை மட்டும் பற்றி நிற்கும் ஆட்சேபணை என்று முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுவது படிப்பவருக்குச் செய்யும் நன்மை.

இனி நம் பக்கத்துச் சொல்லைப் பார்ப்போம். ‘தயங்கு’ என்பது தமிழில் மிகப் பழைய வினை. ஆனால் அது பிறந்த இடம் வேறு. சங்கப் பாடல்களில் கடலைச் சொல்லும்போது ‘தயங்கு திரை’ என்று வரும். அசைகிற, ஒளிர்ந்து ஒளிர்ந்து மறைகிற அலை என்று பொருள். முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும் அந்த அலையசைவுதான் பின்னாளில் மனத்தின் அசைவைக் குறிக்க வந்தது. ஒருவர் தயங்குகிறார் என்று தமிழில் சொன்னால், செய்யலாமா வேண்டாமா என்று அவருக்குள்ளே அலை அடிக்கிறது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அந்த அசைவு முழுக்க உள்ளே நடப்பது. வெளியே ஒரு சொல்லும் வர வேண்டியதில்லை. ‘டிமர்’ செய்பவரோ பெரும்பாலும் வாய் திறந்து ஏதாவது சொல்லியிருப்பார். இந்த ஒரு வேறுபாடு போதும், இரண்டு சொற்களையும் ஒன்றுக்கொன்று ஈடாக வைக்கக் கூடாது என்பதற்கு. சொல்லப்போனால், நம் ‘தயங்கு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பிறப்பளவில் நெருங்கிய உறவு ‘வேவர்’ என்ற சொல்தான்; அதுவும் ஆடி அசைவதைக் குறித்துப் பிறந்து மனத்துக்கு வந்தது.

உத்தரவாதப் பத்திரத்தில் இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்த ஆங்கிலச் சொல் சாதாரண மனிதரின் பணத்தைத் தொடும் இடம் அதுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 126-ஆம் பிரிவு உத்தரவாத ஒப்பந்தத்தை வரையறுக்கிறது: ஒருவர் தம் கடமையைச் செய்யத் தவறினால் அவருக்காகப் பிணையாளர் பொறுப்பேற்பார். 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பளவுக்கே விரியும். அந்தச் சாதாரண நிலையில், ‘கடனாளி தவறவே இல்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்று பிணையாளர் கேட்க இடமுண்டு. அந்தக் கேள்வியின் வாயை அடைப்பதற்காகத்தான் ‘டிமர் இல்லாமல்’, ‘கேட்ட மாத்திரத்தில்’ என்ற இரண்டு தொடர்களையும் பத்திரத்தில் சேர்த்து வைத்தார்கள். அவை இருந்தால், ஒப்பந்தக்காரருக்கும் துறைக்கும் நடுவே உள்ள சண்டை வங்கியைப் பொறுத்தவரை பக்கத்து வீட்டுச் சண்டை. வங்கியின் கடமை தனி ஒப்பந்தமாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய மோசடி இருந்தாலோ, பணம் போய்விட்டால் பிறகு எந்த வழியிலும் ஈடுசெய்ய முடியாத அநீதி நேரும் என்றாலோ தவிர, இத்தகைய பத்திரத்தின்படி பணம் கொடுப்பதைத் தடுக்க நீதிமன்றங்கள் முன்வருவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இதன் கடுமையை உணர்த்த இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொல்வது வழக்கம். எட்வர்ட் ஓவன் என்ற ஆங்கில நிறுவனம் லிபியாவில் பசுமைக்கூடங்கள் அமைத்துத் தர ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத் தொகையில் பத்து விழுக்காட்டுக்கு, ‘சான்றோ நிபந்தனையோ இல்லாமல், கேட்டதும்’ பணம் கொடுக்கப்படும் என்ற உத்தரவாதம் பார்க்ளேஸ் வங்கி வழியாகத் தரப்பட்டது. லிபியத் தரப்பு, ஒப்பந்தத்தில் சொன்னபடி உறுதிசெய்யப்பட்ட கடன் கடிதத்தை, அதாவது பணம் தருவதற்கான வங்கியின் உறுதிக் கடிதத்தை, தரவில்லை. ஆகவே வேலை தொடங்கவே இல்லை. தவறு யார் பக்கம் என்று பார்த்தால் லிபியத் தரப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் லிபியத் தரப்பு உத்தரவாதத்தைக் கோரியது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள், வங்கிக்குத் தெரியும்படியான தெளிவான மோசடி இல்லாதவரை வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். வேலையே தொடங்காத ஒப்பந்தத்துக்குப் பணம் போவதைப் படிக்கிற எவருக்கும் முதலில் மனம் ஒப்பாது. ஆனால் உலக வணிகம் அந்தச் சொற்களின் உறுதியை நம்பித்தான் நடக்கிறது. வங்கி எதையும் கேட்காது என்பதுதான் அந்தப் பத்திரத்தின் விலையே. ‘தயக்கமின்றி’ என்ற மொழிபெயர்ப்பில் இது எதுவும் தெரிவதில்லை. வங்கி தயங்கினாலும் தயங்காவிட்டாலும், அது கேள்வி கேட்கும் உரிமையைக் கைவிட்டுவிட்டது என்ற செய்தி தமிழில் வர வேண்டும்.

அடுத்து நிற்பது ‘ஆட்சேபணையின்றி’. என் கணிப்பில் இது தயக்கத்தைவிட நூறு பங்கு மேல். சட்டத் தமிழில் பழகிய சொல். அதைப் படிக்கும் அலுவலர் எவரும் வேகத்தைப் பற்றியது என்று நினைக்கமாட்டார். இருந்தாலும் எனக்கு இரண்டு குறைகள் தோன்றுகின்றன. ஒன்று, அதன் கனம். தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் ஆட்சேபணை என்றால் எழுதிக் கொடுப்பது, குறிப்பிட்ட நாளுக்குள் தாக்கல் செய்வது, அதற்கு விசாரணை நடப்பது. பட்டா மாற்றத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ‘ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்’ என்று ஒட்டும் அறிவிப்புகளை நினைத்துப் பாருங்கள். ‘டிமர்’ அவ்வளவு கனமானதன்று. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘அது வந்து…’ என்று இழுப்பதும் அதில் அடங்கும். பத்திரம் அந்தச் சின்ன இழுப்பையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. பெரியதை மட்டும் தடுத்தோம் என்று எழுதினால் சிறியதற்கு வழி திறந்திருப்பதுபோல் தோன்றும்.

இரண்டாவது குறை நுட்பமானது. ‘தடையில்லாச் சான்று’, ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ போன்ற வழக்குகளால், ‘ஆட்சேபணையின்றி’ என்ற தொடர் தமிழ்க் காதுக்குச் சம்மதத்தைச் சொல்வதாகவே கேட்கிறது: வங்கிக்கு மனத்தில் ஆட்சேபணை எதுவும் இல்லை, ஆகவே கொடுக்கிறது. மூலம் சொல்வதோ, வங்கிக்கு மனத்தில் ஆயிரம் இருந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று. மனநிலையைச் சொல்வதற்கும் நடத்தையைக் கட்டுப்படுத்துவதற்கும் உள்ள தூரம் அது. ‘எவ்வித ஆட்சேபணையும் எழுப்பாமல்’ என்று வினையோடு சேர்த்து எழுதினால் இந்த இரண்டாவது குறை பெருமளவு தீர்கிறது. வழக்குரைஞர்களிடமிருந்து வரும் வேலைகளில், அவர்களுக்குப் பழகிய சொல்லாக வேண்டும் என்று கேட்டால், நான் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

‘மறுபேச்சு’ இந்த இரண்டுக்கும் நடுவில், ஆனால் மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது. “கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்துட்டான்” என்று நாம் சொல்லும்போது, அவன் வேகமாகக் கொடுத்தான் என்பது துணைப் பொருள்தான். ஏன், எதற்கு என்று திருப்பிக் கேட்கவில்லை என்பதே முதற்பொருள். பேச்சு என்ற சொல் உள்ளேயே இருப்பதால் இது உள்ளத்தின் அசைவைச் சொல்லாமல் வெளியே வரும் வார்த்தையைச் சொல்கிறது. முணுமுணுப்பிலிருந்து முழு மறுப்புவரை எல்லாமும் இதற்குள் அடங்கும். கனமும் சரியாக இருக்கிறது. இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, இது பேச்சுவழக்குச் சொல், சட்ட வாசகத்துக்கு மதிப்புப் போதாது என்பது. இதை என்னிடம் சொன்ன மூத்த வழக்குரைஞர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் கையெழுத்திடும் மனிதருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்யும் தமிழாக்கத்தில், மதிப்பைக் காட்டிலும் பொருள் போய்ச் சேர்வதே பெரிது என்று நான் நம்புகிறேன். தவிர, வழக்கு என்று வந்தால் ஆங்கில மூலமே செல்லும்; தமிழ்ப் படியின் வேலை எச்சரிப்பதுதான். எச்சரிக்கும் சொல் பழகிய சொல்லாக இருப்பதில் நன்மைதான் உண்டு.

‘முணுமுணுக்காமல்’, ‘முகம் கோணாமல்’ என்பவற்றையும் சிலர் சொல்லிப் பார்த்ததுண்டு. இரண்டும் அழகான வழக்குகள். ஆனால் மனிதருக்கு முகம் உண்டு, வங்கிக்கு இல்லை.

பத்திரத்தை விட்டுக் கதைக்கும் செய்திக்கும் வந்தால் நிலைமை மாறுகிறது. ஆங்கிலச் செய்தியில், விருது பெற்ற ஒருவரைப் புகழ்ந்ததும் ‘நான் அப்படியொன்றும் செய்துவிடவில்லை’ என்று அவர் ‘டிமர்’ செய்தார் என்று வரும். அங்கே ‘மறுபேச்சுப் பேசினார்’ என்று எழுதினால் அவர் சண்டைக்கு வந்ததுபோல் ஆகிவிடும். ‘ஆட்சேபித்தார்’ என்றால் விருதுக்குழுமேல் வழக்குப் போட்டதுபோல் ஆகும். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். பரிமாறுபவர் இன்னொரு கரண்டி சாதத்தோடு குனிகிறார். சாப்பிடுபவர் இரண்டு கையையும் இலைமேல் குவித்து, “போதுங்க, போதும்” என்று சிரிக்கிறார். வேண்டாம் என்று அவர் முடிவாகச் சொல்லிவிடவில்லை. வேண்டுமா என்ற ஊசலாட்டத்திலும் இல்லை. மரியாதையோடு சிறிதாக மறுக்கிறார். பரிமாறுபவர் இன்னும் ஒருமுறை வற்புறுத்தினால் கை விலகக் கூடும். அந்தக் குவிந்த கைதான் இந்த இடத்தில் ‘டிமர்’. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பணிவாக மறுத்தார்’, ‘வேண்டாமே என்று தயங்கி மறுத்தார்’ என்று வினையையும் அடையையும் சேர்த்து எழுதினால் பொருள் நிறைந்துவிடும். தயக்கம் என்ற சொல்லை நான் மீண்டும் உள்ளே விடுவது இப்படி, மறுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போதுதான்.

தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இதே கேள்வி எதிர்த்திசையில் வருகிறது: மனத்தில் ‘தயங்கினேன்’ என்றிருக்கிறது, ‘ஹெசிடேட்’ போடுவதா, ‘டிமர்’ போடுவதா? பெரும்பாலான இடங்களில் முதலாவதுதான் சரி. லத்தீனில் ‘ஒட்டிக்கொள்’ என்ற வினையிலிருந்து வந்தது அது; சேற்றில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் அடுத்த அடி எடுத்து வைக்க வராமல் நிற்பது. காரணம் கூச்சமோ பயமோ ஐயமோ எதுவானாலும் அந்தச் சொல் தாங்கும். அலுவலகக் கடிதத்தின் இறுதியில் ‘சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்’ என்பதற்கு எழுதும் வழக்கமான வரியில் ‘டிமர்’ வரவே வராது. ஒருவர் ஒன்றை முன்வைத்து, நீங்கள் அதற்கு மென்மையாக ‘இல்லை’ அல்லது ‘இப்படி வேண்டாமே’ என்று சொல்லியிருந்தால் மட்டுமே ‘டிமர்’ என்று எழுதலாம். முன்மொழிவு இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பிழைகள் குறையும்.

மற்ற உறவுச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடுத்த முடிவிலேயே உறுதி ஆடினால் ‘வேவர்’. உரிமையைக் கைவிடுவதைக் குறிக்கும் ‘வெய்வர்’ என்ற சொல் ஒலியால் ஏறக்குறைய ஒன்றே ஆனாலும் எழுத்தாலும் பொருளாலும் வேறு. மதில்மேல் பூனையாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருந்தால் ‘வேசிலேட்’. பேசும்போது குரல் தழுதழுத்தோ நா குழறியோ நின்றுபோனால் ‘ஃபால்ட்டர்’. மனச்சாட்சி உறுத்துவதால் ஒன்றைச் செய்யாமல் நின்றால் ‘ஸ்க்ரூப்பிள்’. லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குச் சிறு கூர்ங்கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த பருக்கைக் கல்லோடு நடந்தவர்களுக்கு அந்தச் சொல் ஏன் மனச்சாட்சிக்கு வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. பழைய மருந்துக்கடை எடைகளில் இருபது கிரெயின் கொண்ட அளவுக்கும் இதே பெயர்தான் இருந்தது. இவற்றுள் எதுவும் எதிராளியிடம் ஒரு மறுப்பைச் சொல்வதைக் கட்டாயமாகக் குறிப்பதில்லை. அந்த ஒரு குணத்தால்தான் ‘டிமர்’ தனித்து நிற்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. ஒருவரை ‘டிமர்’ செய்ய முடியாது. அது செயப்படுபொருளை நேராக ஏற்பதில்லை. எதற்கு மறுப்பு என்பதைச் சொல்ல ‘அட்’ அல்லது ‘டு’ என்ற முன்னிடைச் சொல் வேண்டும். பல நேரங்களில் எதுவும் சேர்க்காமல் ‘அவர் டிமர் செய்தார்’ என்று நிறுத்துவதே ஆங்கிலக் காதுக்கு இனியது. இறந்தகாலத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இரட்டிக்கும். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ‘டிம்யூர்’ என்பது வேறு சொல். அடக்கமான, ஒடுங்கிய பாங்குடைய என்று அதற்குப் பொருள். எழுத்தில் ஒரே ஒரு ‘இ’ கூடுதல். அடக்கமாக மறுப்பவரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது; வாக்கியத்தில் அது வினையா பெயரடையா என்று பார்த்தால் உடனே தெளியும்.

அந்த ஒப்பந்தக்காரரிடம் அன்று மாலையே திருத்திய படியைக் கொடுத்தேன். ‘துறை எழுத்து மூலம் கேட்ட மாத்திரத்தில், அக்கோரிக்கை சரியா தவறா என்று ஆராயாமலும், எவ்வித மறுபேச்சுமின்றியும், வங்கி இத்தொகையைச் செலுத்தும்’ என்று அந்த வரி இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். “அப்போ, நான் வேலையை ஒழுங்கா முடிச்சிருந்தாலும், அவங்க கேட்டா போயிடுமா சார்?” என்றார். போய்விடும், பிறகு நீங்கள்தான் துறையின்மேல் வழக்குப் போட்டு வாங்க வேண்டும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நிபந்தனை சேர்த்தால் துறை பத்திரத்தை வாங்குமா என்று கேட்டார். டெண்டரில் கொடுத்திருக்கும் படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவருக்கே தெரியும். வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்ற மகனைக் கூப்பிட்டு, இனிமேல் எம்.புக்கில் (முடித்த வேலையின் அளவுகளை எழுதும் அளவைப் புத்தகத்தில்) பதிவான அளவுகள், துறைப் பொறியாளர் கையெழுத்திட்ட கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அன்றன்றைக்கே ஒரு நகல் எடுத்துத் தனிக் கோப்பில் வைக்கும்படி சொன்னார். பிறகு தமிழ்ப் படியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட வங்கிக்குக் கிளம்பினார்.